மணல் வகுப்பைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக்கு வந்த இடத்தில் ஒரு காலைப்பொழுதை எங்கள் அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பள்ளியிடம் ஒப்படைத்தவர்கள் நீங்கள். முழங்கை சிராய்த்து, மூக்கில் உப்புநீர் ஏறி, அப்படியும் சிரித்துக்கொண்டே கரையேறியவர்கள். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் எழுதப்போவதில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கே மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள்; அதில் ஒருவர் என் மைத்துனர். எட்டுப் பேர் மணலில் குப்புறப் படுத்துக் கைகளால் காற்றைத் துழாவுகிறார்கள். எங்கள் மாஸ்டர் கைதட்டி எண்ணுகிறார். பின்னால் கடல் பாட்டுக்கு அலை அடித்துக்கொண்டிருக்கிறது. "அலைச்சறுக்கு என்று காசு வாங்கிக்கொண்டு கரையில் நீச்சல் அடிக்க விடுகிறார்கள்" என்று மேலே ஒரு வரி. முதல்முறை பார்த்தபோது நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. கீழே இருந்த கருத்துகளைப் படித்த பிறகுதான் சிரிப்பு நின்றது. "நேரத்தை ஓட்டுகிறார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது நான்கு நாளாகத் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

ஆகவே நேரக் கணக்கையே முதலில் பேசிவிடுகிறேன்.

வகுப்பு இரண்டு மணி நேரம். அதில் மணலில் இருபத்தைந்து நிமிடம். மிச்சம் முழுக்கத் தண்ணீரில். முதல் நாள் வருகிறவர் அந்த நேரத்தில் எத்தனை அலை பிடிப்பார்? பலகையைத் திருப்பிக்கொண்டு நுரையை எதிர்த்து நடந்து, மூச்சு வாங்கி, அடுத்த அலைக்குக் காத்திருந்து என்று பார்த்தால் பதினைந்து, மிஞ்சிப்போனால் இருபது. ஒவ்வொன்றிலும் பலகை ஓடுவது ஐந்தாறு நொடி. பெருக்கிப் பாருங்கள், மொத்தமே இரண்டு நிமிடத்தைத் தொடுவது கடினம். இரண்டு மணி நேர வகுப்பில் அலை உங்களுக்குக் கொடுப்பது அந்த இரண்டு நிமிடத்தைத்தான். "கையை எங்கே வைக்கணும் மாஸ்டர்?" என்று கேட்க அதில் இடம் கிடையாது. கேட்டு முடிப்பதற்குள் நீங்கள் தண்ணீருக்குள் இருப்பீர்கள்.

தரையில் நீச்சல் பழக முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. ஆனால் படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்பதைத் தரையில் பழகலாம், தரையில்தான் பழக முடியும். முதல்முறை எழுகிற யாராக இருந்தாலும் செய்கிற தவறுகள் மூன்று. பலகையின் இரண்டு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு எழப் பார்ப்பார்கள். உடனே பலகை ஒரு பக்கமாகச் சாயும். கைகளை விலாவுக்குப் பக்கத்தில், பலகையின் மேல் தட்டையாக ஊன்ற வேண்டும். இரண்டாவது, முட்டி போட்டுவிட்டு அப்புறம் எழுவது. முட்டி போட்டவர் முட்டியிலேயே கரைக்கு வந்து சேர்வார். மூன்றாவது, காலைக் குனிந்து பார்ப்பது. தலை குனிந்தால் பாரம் முன்னால் போகும், பலகையின் மூக்கு தண்ணீரில் குத்தும், ஆள் முன்னால் பறப்பார். இந்த மூன்றையும் மணலில் பத்துத் தடவை செய்து, பத்துத் தடவையும் திட்டு வாங்கினால்தான் தண்ணீரில் நான்காவது அலையிலாவது நிற்க முடியும். எந்தக் கால் முன்னால் வர வேண்டும் என்பதையும் மணலில்தான் கண்டுபிடிக்கிறோம். பலருக்கு இடது கால், சிலருக்கு வலது கால். வலது கால்காரர்களுக்கு ஆங்கிலத்தில் "கூஃபி" என்று பெயர். கோமாளி என்று நாங்கள் கேலி செய்வதாக ஒரு அம்மா கோபித்துக்கொண்டார். அது உலகம் முழுக்க இருக்கிற பெயர், அம்மா.

எழுந்து நிற்பது இருக்கட்டும். அந்த இருபத்தைந்து நிமிடத்தில் பாதி எதற்குப் போகிறது என்பது வீடியோவில் வரவில்லை. விழுவதற்குப் போகிறது.

நாங்கள் வகுப்பு எடுக்கும் இடத்தில் தண்ணீர் இடுப்பளவு, நெஞ்சளவு. அலை தன் உயரத்தைப்போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் மடிந்துவிடும். மீட்டர் உயர அலை மடிகிற இடத்தில் ஆழம் ஒரு ஆள் உயரம்கூட இருக்காது. அங்கே தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்து என்ன ஆகும்? அதனால்தான் மல்லாந்தோ பக்கவாட்டிலோ தட்டையாக விழச் சொல்கிறோம். தண்ணீருக்குள்ளிருந்து வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு வரச் சொல்கிறோம். "குழந்தைகளுக்குச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள்" என்றும் ஒரு கருத்து வந்திருக்கிறது. பலகை விலகிப் போகாமல் அதைக் கணுக்காலோடு கட்டும் கயிறு புழக்கத்துக்கு வந்த 1970களின் தொடக்கத்தில் அது ரப்பர்போல இழுபடும். கலிஃபோர்னியாவின் ஜாக் ஓ'நீல், வெட்சூட் எனும் குளிர்தாங்கும் ரப்பர் உடைத் தொழிலில் உலகம் அறிந்த பெயர், அப்படி இழுபட்டுத் திரும்பி வந்த பலகை அடித்து இடது கண்ணை இழந்தார். அதற்கப்புறம் அவர் படங்களில் கண்ணை மறைத்த கறுப்புத் துணியோடுதான் இருப்பார். கடலிலேயே வாழ்ந்த மனிதருக்கு அந்தக் கதி என்றால், நேற்று விமானத்தில் வந்து இறங்கியவரிடம் தலையை மூடிக்கொள் என்று நாலு தடவை சொல்வதில் என்ன தப்பு?

இன்னொன்றையும் மணலில்தான் சொல்லியாக வேண்டும். உங்களுக்கும் அலைக்கும் நடுவில் பலகை இருக்கக் கூடாது. ஒரு கனமீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் மேல் எடை. அது தள்ளுகிற பலகை உங்கள் முகத்துக்கு நேரே நின்றால் நடப்பதை எழுத விரும்பவில்லை. பலகையைப் பக்கவாட்டில் வைத்து நடங்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். காலை மணலோடு தேய்த்து நடங்கள், திருக்கை படுத்திருந்தால் விலகிப்போகும். கடல் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். அந்த நீரோட்டம் சில வேளை நொடிக்கு எட்டடி போகும், ஒலிம்பிக் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாத வேகம். பலகையை விடாமல் கரைக்கு இணையாகப் போய், இழுப்பு விட்ட இடத்தில் திரும்புங்கள். அலை இரைச்சலில் காதுக்குப் பக்கத்தில் கத்தினாலும் இதெல்லாம் கேட்காது. அதனால் கரையில் சொல்கிறோம். அவ்வளவுதான் ரகசியம்.

வீடியோ எடுத்த அன்று மணலில் வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் ஆனது, ஒரு மாஸ்டர் வர முடியாமல் எட்டுப் பேரையும் ஒருவரே பார்க்க வேண்டியிருந்ததால்.

அடுத்த குறை, "பின்னாலிருந்து தள்ளிவிடுகிறார்கள், அப்புறம் நாமே பிடித்த அலை என்று படம் எடுத்துத் தருகிறார்கள்" என்பது. தள்ளுகிறோம், மறைக்கவில்லை. இடுப்பளவு நீரில் நுரை அலை மணிக்கு 11, 12 கிலோமீட்டர் வேகத்தில் வரும். முதல் நாள் கை போடுகிறவரால் அந்த வேகத்தைத் தொட முடியாது. தொடாவிட்டால் அலை உங்களுக்கு அடியில் புகுந்து போய்விடும், நீங்கள் அங்கேயே படுத்திருப்பீர்கள். தள்ளுவது ஒன்றும் நாங்கள் கண்டுபிடித்த குறுக்குவழி இல்லை. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கிய ஹவாய்க்காரர் டியூக் கஹானமோக்கு, 1915இல் சிட்னி கடற்கரையில் இசபெல் லெத்தம் என்ற பதினைந்து வயதுப் பெண்ணைத் தன் பலகையிலேயே முன்னால் ஏற்றிக்கொண்டு போனார். அலையின் உச்சியில் பயந்துபோன அந்தப் பெண்ணை அவர்தான் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். ஆஸ்திரேலிய அலைச்சறுக்கின் கதையைச் சொல்லும்போது இன்றும் இசபெல் பெயர் வருகிறது. "அவரே எழுந்து நிற்கவில்லையே" என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பஞ்சுப் பலகைக்கும் ஒரு வார்த்தை. பளபளப்பான ஃபைபர் பலகை சுவரில் சாய்ந்திருக்க, உங்களுக்கு மட்டும் மெத்தைபோல ஒன்பதடி நீலப் பலகை தருகிறோம் என்று வருத்தம். அகலமும் கனபரிமாணமும் கூடினால் பலகை ஆடாமல் மிதக்கும். தலையில் பட்டாலும் வலியோடு போகும். டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் அலைச்சறுக்கு முதன்முதலாகச் சேர்ந்தது. 2021இல் நடந்த அந்தப் போட்டியில் ஆண்கள் தங்கத்தை வென்ற பிரேசிலின் இடாலோ ஃபெரெய்ரா சிறுவயதில் எதில் பழகினார் தெரியுமா? அவர் அப்பா மீன் விற்கிற தெர்மோகோல் பெட்டியின் மூடியில். எங்கள் பலகை அதைவிட நன்றாகத்தான் இருக்கிறது. (இறுதிப் போட்டியில் அவருடைய நல்ல பலகை முறிந்தே போனது. வெயிலிலும் உப்பிலும் எங்கள் பஞ்சுப் பலகைகள் மேல்தோல் உரிந்து போகிற வேகத்தைப் பார்க்கும்போது அவரை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.)

வகுப்பு நேரம் தினமும் மாறுவதற்கு நாங்கள் பொறுப்பில்லை, நிலா பொறுப்பு. ஓதம், அதாவது கடல் ஏறி இறங்குவது, நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்துகிறது. எங்கள் மணல்திட்டில் பாதி ஏற்றத்தில்தான் புதியவர்களுக்கு ஏற்ற நுரை கிடைக்கும். கூடவே காற்றையும் பார்க்க வேண்டும். காலையில் கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற காற்றில் அலை சீராக நிற்கும். வெயில் ஏறிக் கடற்காற்று திரும்பியதும் எல்லாம் கலைந்து கொதிக்கும். இரண்டும் ஒத்துவருகிற நேரத்தைத்தான் முந்தின நாள் மாலை உங்களுக்கு அனுப்புகிறோம். அது காலை ஆறு மணியாக இருந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

எங்களோடு தொடக்கத்திலிருந்து இருந்த மூத்த மாஸ்டர் விடைபெற்றுக்கொண்டார். சொந்தமாகத் தொழில் தொடங்குகிறார்; நன்றாக வரட்டும். உங்களில் பாதிப் பேருக்கு முதல் அலையைத் தள்ளிவிட்டது அவர் கைதான். அடுத்த மாதம் முதல் ஒரு மாஸ்டருக்கு நான்கு பேர் என்றிருப்பது ஆறு பேராகும், கட்டணத்தில் மாற்றமில்லை.

இந்த நான்கு நாளில் நீங்கள் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நான் மனிதனே இல்லை. அந்த வீடியோவுக்குக் கீழே, யாரும் கேட்காமலே, தங்கள் படங்களைப் போட்டு "எனக்கு இந்த மணல்தான் உதவியது" என்று பதினோரு பேர் எழுதியிருக்கிறீர்கள். அறுபத்திரண்டு வயதில் பேத்தியோடு வந்து, பேத்திக்கு முன்னால் எழுந்து நின்ற ஐயா, உங்கள் செய்தியை மாஸ்டர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். நீச்சலே தெரியாது என்று கடைசி நிமிடத்தில் கையைப் பிசைந்துகொண்டு சொன்ன புதுமணத் தம்பதி, உங்களை அன்று ஆழத்தில் இறக்காமல் முழங்காலளவு நீரில் மட்டும் விளையாட விட்டதற்கு இன்றும் நன்றி சொல்கிறீர்கள். உண்மையில் நன்றி நாங்கள் சொல்ல வேண்டும். வருடா வருடம் அதே வாரத்தில் வந்து அதே நீலப் பலகையைக் கேட்கிற குடும்பத்துக்கு: அது இன்னும் இருக்கிறது, மூக்கில் மட்டும் ஒட்டுப் போட்டிருக்கிறோம்.

வருகிறவர்கள் முழுக்கை லைக்ரா சட்டை கொண்டுவாருங்கள், இல்லையென்றால் எங்களிடம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். அது வெயிலுக்கு மட்டுமில்லை, வயிறு பலகையில் உரசாமல் இருப்பதற்கும்தான். சன்ஸ்க்ரீனை முகத்தோடும் பின்னங்காலோடும் நிறுத்துங்கள்; நெஞ்சிலும் வயிற்றிலும் பூசினால் பலகை வழுக்கும், பிறகு அதற்கும் எங்கள் பேரில் ஒரு வீடியோ வரும்.

கடைசியாக, அதை எடுத்த தம்பிக்கு. உங்கள் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்கள் விட்டுப்போன வெள்ளைத் தொப்பி லைக்ரா மாட்டும் ஆணியில் தொங்குகிறது. ஊருக்குக் கிளம்பும் முன் ஒருநாள் வாருங்கள், நானே உங்களோடு தண்ணீரில் இறங்குகிறேன், கட்டணம் வேண்டாம். மணலில் மட்டும் முதலில் படுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
உங்கள் அலைச்சறுக்குப் பள்ளி உரிமையாளர்