நாயகனையும் எதிர்நாயகனையும் ஒரே தாளில் வையுங்கள்

சென்னைக் கல்லூரிகளில் தமிழ்ப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

இந்நகரத்தில் இளங்கலைத் தமிழ் பயிலும் மாணவர்களோடு தொடர்ந்து இலக்கியம் பேசிவருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். காப்பியத் தலைவன் யார் என்று கேட்டால் அவர்கள் அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்தின் ‘தன்னிகர் இல்லாத் தலைவன்’ என்ற தொடரைத் தயங்காமல் ஒப்பிக்கிறார்கள். எதிர்நாயகன் யார் என்று கேட்டால், குடிப்பவன், சட்டத்தை மீறுபவன், ஆனாலும் பார்ப்பவருக்குப் பிடித்துப்போகிறவன் என்கிறார்கள். அண்ணா சாலைத் திரையரங்குகளின் முகப்பில் அரிவாளோடு நிற்கும் எவனும் இந்த விளக்கத்துக்குள் அடங்கிவிடுவான். குறையற்றவன் நாயகன், குறையுள்ளவன் எதிர்நாயகன் என்ற இந்தப் பாகுபாடு நம் காப்பியங்களுக்கே பொருந்தாது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் பாருங்கள். பாண்டியன் நெடுஞ்செழியன் தீர விசாரிக்காமல் ஓர் உயிரைப் போக்கியவன். நீதி கேட்டு வந்த கண்ணகியிடமே ‘கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று’ என்று வாதாடியவன். இதைவிடப் பெரிய குறை ஓர் அரசனுக்கு இருக்க முடியாது. ஆனால் தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவள் சொன்னதும் அவன் அதை நல்ல சொல் என்று ஏற்கிறான். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று தானே வாய்திறந்து சொல்கிறான். கைப்பற்றிய சிலம்பை வரவழைத்து அவள் முன் தானே வைக்கிறான். தன்னை வீழ்த்தப்போகும் சான்றைத் தன் அவையிலேயே எடுத்துக்கொடுத்த அரசன் அவன். உடைந்த சிலம்பிலிருந்து மணி அவன் வாயருகே தெறித்தபோது, பொற்கொல்லனைப் பிடித்துவரச் சொல்லித் தான் தப்பித்திருக்கலாம். அவனோ, பொற்கொல்லன் சொல் கேட்ட ‘யானோ அரசன், யானே கள்வன்’ என்று குற்றம் முழுவதையும் தன்மீது ஏற்றி, ‘கெடுக என் ஆயுள்’ என்று வீழ்கிறான்.

இதன் பக்கத்தில் ரஷ்ய எழுத்தாளர் தாஸ்தயெவ்ஸ்கி 1864ஆம் ஆண்டு தம் புதினத்தில் படைத்த நிலவறை மனிதனை வைத்துப் பார்க்க வேண்டும். தன்னிடம் எதிர்நாயகனுக்குரிய இயல்புகளெல்லாம் திரட்டப்பட்டிருப்பதாக அவனே கதையின் முடிவில் சொல்கிறான். நம்பித் தேடிவந்த லிசா என்ற இளம்பெண்ணை இழிவுபடுத்தி, அவள் கையில் ஐந்து ரூபிள் தாளைத் திணிக்கிறான். அவள் போனபின் அந்தத் தாள் மேசைமேல் கசங்கிக் கிடக்கிறது. மன்னிப்புக் கேட்கப் பனி கொட்டும் தெருவில் ஓடுகிறான், பாதியில் நின்றுவிடுகிறான், அந்த அவமானம் அவளைத் தூய்மைப்படுத்தும் என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் கற்பித்துக்கொள்கிறான். தன் இழிவை அவன் அறியாதவன் அல்லன். பாண்டியனைவிட அதிகமாகவே தன்னைப் பழித்துக்கொள்கிறான். ஆயினும் பிழையின் விலையைக் கொடுப்பவள் லிசாதான். இருவரையும் பிரிக்கும் கோடு இங்கேதான் விழுகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

கோவலனை இந்த அளவுகோலால் அளப்பது எளிதன்று. இளமையிலேயே அறிவு முதிர்ந்த கண்ணகியைக் குறித்து ‘சிறுமுதுக்குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்’ என்று மனமுருகிச் சொன்னவன், அடுத்துக் கடைத்தெருவுக்கு எடுத்துச் செல்வது கண்ணகியின் சிலம்பை. பிழையை உணர்ந்துவிட்டான், விலையை இன்னும் அவளே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இவனை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று மாணவர்கள் சண்டையிட்டால் அதுவே நல்ல வகுப்பு. அண்ணனின் தவற்றை அவன் முகத்துக்கு நேரே இடித்துரைத்துவிட்டு, அவனுக்காகவே களத்தில் உயிர்விட்ட கம்பனின் கும்பகருணனையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

எதிர்நாயகனைத் தாழ்த்துவது என் நோக்கமன்று. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’ 1974இல் வெளிவந்தது. ஒரே நாளின் கதை. மனைவி மீனா உடலை விற்று ஈட்டும் பணத்திலும் காலம் தள்ளும் கந்தன், திருந்துவதாகப் பாசாங்கு செய்வதில்லை; ஆசிரியரும் அவனுக்காக வக்காலத்து வாங்குவதில்லை. அந்த நேர்மை நம் இளைஞர்களுக்கு அவசியம் தேவை. அவனை ‘மாஸ்’ என்று கொண்டாடும் மாணவனுக்கு மீனா கண்ணில் படுவதில்லை என்பதே என் கவலை.

காப்பியம் ஒரு தாளிலும் புதினம் வேறொரு பருவத்தில் வேறொரு தாளிலுமாகப் பிரிந்து கிடக்கும்வரை இந்த ஒப்பீடு மாணவர் மனத்தில் எழ வழியில்லை. ஆகவே அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் வழக்குரை காதையையும் கந்தனின் கதையையும் ஒரே அலகில் சேர்க்குமாறு வேண்டுகிறேன். தேர்வில் ‘பாத்திரப் பண்புகளை விளக்குக’ என்ற கேள்விக்குப் பதிலாக, இவன் செய்த பிழைக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். கடைகளில் விற்கும் நோட்ஸில் அதற்கு விடை இருக்காது. மூலத்தைப் படித்தே எழுத வேண்டியிருக்கும்.

இங்ஙனம்,
சென்னை வாசகன் ஒருவன்