கரி அடுப்பில் என் தங்கைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் நடந்த பார்பிக்யூ போட்டியில் என் தங்கைக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. சுட்ட விராலும் நாட்டுக்கோழியும் அவள் கைப்பக்குவம்தான். ஆனால் அடுப்பு செய்தது, மீன் கொடுத்தது, மழையில் கரி அணையாமல் பார்த்துக்கொண்டது எல்லாம் வேறு வேறு கைகள். அவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லவே இந்த மடல்.

போட்டியில் சாப்பாட்டு டோக்கன் விற்ற பணம் முழுவதும் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஏழை நோயாளிகளின் போக்குவரத்துச் செலவுக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தார்கள். அதைப் படித்த பிறகுதான் தங்கை பெயர் கொடுத்தாள். எங்கள் அப்பாவும் டயாலிசிஸில் இருந்தவர். முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தால் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்தவரை, பாபநாசம் வரை பஸ்ஸில் நிற்கவைத்தா கூட்டிவர முடியும்? கார் பிடிக்க வேண்டும். கூடப் போகிறவருக்கு அன்றைய கூலி போய்விடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இதே கதை என்றால் எந்தக் கூலிக் குடும்பம் தாங்கும்? தோப்பில் காய்த்துத் தொங்கும் இளநீரை, பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் அப்பா கடைசிவரை தொடவில்லை. அவருக்கு மருந்தும் சோறும் எடுத்துக்கொடுத்தவள் தங்கைதான்.

முதலில் பட்டறை அண்ணன். 200 லிட்டர் டிரம் ஒன்றை நீளவாக்கில் அறுத்து, உள்ளே நன்றாக எரித்துச் சுத்தம் செய்து, காற்றுப் போக ஓட்டை போட்டு, கால் வைத்துக் கொடுத்தார். மேலே போட நாங்கள் வாங்கிப்போன பளபளப்பான கம்பிவலையை மட்டும் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். "இது துத்தநாகம் பூசினது. சூட்டுல புகையா வரும், சாப்பாட்டுக்கு ஆகாது" என்று சொல்லி, சாதாரணக் கம்பியை வெட்டி, ஒவ்வொன்றாக வெல்டிங் வைத்து, பிசிறு போகத் தேய்த்துத் தந்தார். கம்பிக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்; கூலியை வாங்கவில்லை.

அப்புறம், எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் பெரியவர். இவரைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கொட்டாங்கச்சிக் கரியோடு வாழ்நாள் முழுக்கப் பழகியவர். சாயங்காலம் வேலை முடிந்ததும் எங்கள் வாசலுக்கு வந்து உட்கார்ந்து, தங்கைக்குத் தணலைப் பழக்கிக் கொடுத்தார். "கரி கறுப்பா இருக்கிற வரைக்கும் எதையும் வைக்காதம்மா. மேல வெள்ளை பூக்கட்டும்" என்பார். உள்ளங்கையைக் கம்பிக்கு மேலே காட்டி, எவ்வளவு நேரம் பொறுக்க முடிகிறது என்று பார்த்தே சூட்டை அளப்பார். கொழுப்பு சொட்டி நெருப்பு எழும்பினால் தண்ணீர் தெளிக்காதே, சாம்பல் பறந்து கறியில் ஒட்டும். தணலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, கறியை மறுபக்கம் தள்ளு என்று கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். நாட்டுக்கோழி கருகாமல் உள்ளே வரை வெந்தது அந்த ஒரு பாடத்தால். பரிசு அறிவித்ததும் தங்கை முதலில் போன் போட்டது அவருக்குத்தான்.

கோழி மெத்தென்று வந்ததற்கு அய்யம்பேட்டை பாய் காரணம். கல்யாண பிரியாணி போடுகிறவர். பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்துக் கொஞ்சமாகப் பூசச் சொன்னார். அதிக நேரம் ஊறினால் கறி கூழாகிவிடும் என்றும் எச்சரித்தார்.

மீன்கார அக்கா செய்ததும் சின்ன உதவி இல்லை. கோடையில் குளம் வற்றும்போது பிடித்த விரால்களை டிரம்மில் உயிரோடு கொண்டுவந்து, எல்லாம் ஒரே அளவாகப் பொறுக்கிக் கொடுத்தார். வழவழப்பு போகச் சாம்பல் போட்டுக் கல்லில் தேய்த்து, செதில் நீக்கி, மசாலா இறங்கக் கீறலும் போட்டுத் தந்தார். முள் குறைவு, சதை உடையாது, தணலுக்கு விரால்தான் சரி என்று முடிவு செய்ததே அவர்தான். மிளகு, பூண்டு, சின்ன வெங்காயம், மஞ்சள், கொஞ்சம் புளி. இந்த மசாலா மட்டும் எங்கள் அம்மாவுடையது.

குட்டி யானையில் அடுப்பையும் கரி மூட்டையையும் ஏற்றி வந்த தம்பி டீசல் காசைக்கூட வாங்க மறுத்துவிட்டான்.

சாயங்காலம் திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. எங்களோடு வந்திருந்த பக்கத்து வயல்காரர், கொள்முதல் நிலையத்தில் நெல்லை மூடிவிட்டு வண்டியில் மடித்து வைத்திருந்த தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நெருப்பில் படாத உயரத்தில் அதைப் பிடிக்க ஆள் போதவில்லை. பக்கத்து அடுப்பில் போட்டிக்கு நின்ற இரண்டு பேர் தங்கள் வேலையை விட்டுவிட்டு வந்து, ஆளுக்கொரு மூங்கிலைத் தூக்கிப் பிடித்தார்கள். மழை விட்டபோது அவர்கள் தணல் பாதி அவிந்திருந்தது. தங்கை உடனே எங்கள் அடுப்பிலிருந்து தணலை வாரிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல் பரிசு அவர்களுக்குத்தான் கிடைத்தது. எங்களுக்கு அதில் நிறைந்த சந்தோஷம்.

மழையில் நனைந்துகொண்டே வரிசையில் நின்று டோக்கன் வாங்கியவர்களுக்கும், சாப்பிடாமல் டோக்கனுக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கும் நன்றி. அப்பாவைப் போலவே டயாலிசிஸுக்கு மருத்துவமனை வந்துபோன சிலர் அன்று சாப்பிட வந்திருந்தார்கள். உப்பும் புளியும் குறைத்து அவர்களுக்கென்று தனியாக ஒரு மீன் சுட்டுக் கொடுத்தாள் தங்கை. அதற்காகக் காத்திருந்த மற்றவர்களுக்கும் நன்றி.

டிரம் அடுப்பு இப்போது எங்கள் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. இதுபோல நல்ல காரியத்துக்கு யார் கேட்டாலும் தருகிறோம். கரி பற்றவைக்கத் தெரியாவிட்டால் தங்கையே கூட வருவாள்.

இப்படிக்கு,
அவளுடைய அண்ணன்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்