எங்கள் பொலிஸ் நிலையத்தின் கணக்கை எங்களுக்குக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் குற்றச்செயல்கள் பெருகிவிட்டதாக உங்கள் பத்திரிகையில் போன கிழமை ஒரு செய்தி படித்தேன். எத்தனை எத்தனையாகியது, எந்தப் பகுதியில், என்ன வகைக் குற்றம் என்று அதில் ஓர் எண்கூட இல்லை. நிருபரை நான் குறை சொல்லவில்லை. கேட்டவுடன் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில் அந்த எண்கள் வைக்கப்படவில்லை என்பதுதான் என் மனக்குறை.

பொலிஸ் திணைக்களம் பாரிய குற்றங்களின் சுருக்க அட்டவணையை ஆண்டுதோறும் தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. மகளைக் கொண்டு அதைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முழு நாட்டுக்குமான கூட்டுத்தொகை, அதுவும் ஆங்கிலத்தில். என் ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் போன வருடம் எத்தனை களவு பதியப்பட்டது, எத்தனை நீதிமன்றம் போனது என்று அறிய அது உதவவில்லை. கணிதம் படிப்பித்தே முப்பது வருடம் போக்கியவள் நான். கூட்டுத்தொகையை மட்டும் எழுதி, வழியைக் காட்டாத பிள்ளைக்கு நான் முழுப் புள்ளி போட்டதில்லை.

அந்த அட்டவணைக்குள் போகும் எண் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். பொலிஸ் நிலையத்து மேசையில், ஒரு புத்தகத்தில். பாரிய குற்றத்துக்கு ஒரு புத்தகம், சிறு குற்றத்துக்கு வேறொரு புத்தகம். முறைப்பாடு எதில் ஏறுகிறது என்பதிலேயே பாதிக் கணக்கு முடிந்துவிடும். இரண்டு வருடத்துக்கு முன், சிறுபோக நேரம், எங்கள் வயலில் இருந்த இறைப்பு மிசினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். முறைப்பாடு கொடுக்கப் போனேன். "ஆர் மேல சந்தேகம்?" என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். சிங்களத்தில் ஏதோ எழுதினார்கள், கையெழுத்து வைத்தேன். எந்தப் புத்தகத்தில் எழுதினார்கள், என்ன எழுதினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்துக் காணிக்காரர் மாடு களவு போனதைச் சொல்லப் போய், "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கோ" என்ற புத்திமதியோடு திரும்பி வந்தார். அந்த மாடு எந்தக் கணக்கிலும் இருக்க நியாயமில்லை.

வாய்மொழியாகச் சொல்லப்படும் முறைப்பாட்டை, சொன்னவரின் மொழியிலேயே எழுதி அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் உள்ளது. வடக்கு கிழக்கின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பும் சொல்கிறது. முறைப்பாடு எழுதும் மேசையிலேயே இது நடக்காதபோது, கொழும்பில் கூட்டிப் பார்க்கும் எண்ணை நான் எப்படி நம்புவது?

எண்களே வெளியிடப்படுவதில்லை என்றும் சொல்ல முடியாது. 2023 டிசம்பரில், போதைப்பொருளுக்கு எதிரான யுக்திய என்ற பொலிஸ் நடவடிக்கை தொடங்கியபோது, இன்று இத்தனை பேர் கைது என்று நாள்தோறும் அறிவித்தார்கள். எல்லாப் பத்திரிகையும் போட்டன. கைது என்பது பொலிஸ் செய்த வேலையின் அளவு. ஊரில் கசிப்பும் கஞ்சாவும் குறைந்ததா என்பதற்கு அது விடையாகாது. அவர்களில் எத்தனை பேர் மேல் வழக்குத் தாக்கலானது, எத்தனை பேர் குற்றவாளியாகக் காணப்பட்டார்கள், எத்தனை பேர் விடுதலையானார்கள் என்ற எண்கள் அதே ஆர்வத்தோடு எங்கள் வாசலுக்கு வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஏறக்குறைய 92 ஆயிரம் பேர், கம்பஹாவில் 23 இலட்சம் பேர். வெறும் எண்ணிக்கையை அருகருகே வைத்தால் நாங்கள் எப்போதும் அமைதிப் பூங்காதான். மறுபக்கம், இங்கே இரண்டு கொலை நான்கானால் "நூறு வீத அதிகரிப்பு" என்று தலைப்புப் போடலாம். இரண்டுமே ஆட்களைப் பிழையாக வழிநடத்தும். இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் எண்ணிக்கையோடு, இலட்சம் பேருக்கு எத்தனை என்ற வீதத்தையும் சேர்த்துத் தருகிறது. எங்களுக்கும் அப்படித் தரலாம், கூடவே ஐந்தாறு வருடக் கணக்கை ஒரே பக்கத்தில் போட்டு.

எண் கூடினால் உடனே பொலிஸ் பொறுப்பதிகாரியை உலுப்பவும் கூடாது. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் எதிரான கொடுமைகளில் முறைப்பாடு கூடுகிறது என்றால், இவ்வளவு காலமும் வாய் திறக்காதவர்கள் இப்போதாவது நம்பி வருகிறார்கள் என்றும் இருக்கலாம். போரில் கணவனைப் பறிகொடுத்து, தனியே வீட்டை நடத்தும் பெண்கள் நிறைந்த மண் இது. அவர்கள் துணிந்து வந்து சொல்வதை ஊரின் மானக்கேடாக எண்ணினால், அடுத்த வருடம் எண் குறையும். அந்தக் குறைவு எனக்குப் பயம் தருகிறது.

2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதையெல்லாம் ஒவ்வொருவராக விண்ணப்பித்துக் கேட்கலாம்தான். கிடைக்கும் கடதாசி கேட்டவர் வீட்டு அலுமாரியில் கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பொலிஸ் நிலையம் வாரியாக, தமிழில் ஒரு தாள் போதும்: வந்த முறைப்பாடு, பதிந்தது எந்த வகையில், தாக்கலான வழக்கு, முடிந்த வழக்கு. கிராம அலுவலர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் ஒட்டட்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் மேசைக்கு மேசை போகட்டும். முறைப்பாட்டாளரின் பெயரோ ஊரோ அதில் தேவையில்லை.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கைது எண்ணிக்கையை அச்சிடும்போது, போன வருடம் கைதானவர்களில் எத்தனை பேரின் வழக்கு முடிந்தது என்று கேளுங்கள். பதில் வந்தால் பதிலையும், வராவிட்டால் வரவில்லை என்பதையும் அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
முல்லைத்தீவு மாவட்டம்.