பரிவட்டத்துக்குப் போட்டி, ஒழுகும் கூரைக்கு யார்? ஜமீன் வீட்டுப் பங்காளிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரிலும் பிற ஊர்களிலும் வசிக்கும் நம் ஜமீன் வீட்டுப் பங்காளிகளுக்கும் பெண்வழி வாரிசுகளுக்கும், மல்லேஸ்வரத்திலிருந்து வீட்டுக் கணக்கு எழுதிவருபவள் வரைவது. பெரியவர்களுக்கு வணக்கம், இளையவர்களுக்கு ஆசி.

இதைக் குடும்ப வாட்ஸாப் குழுவிலேயே எழுதியிருக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். வடக்குக் கட்டின் கூரை ஒழுகும் படத்தை அங்கேதான் இட்டேன். சற்று நேரத்தில் அதற்குக் கீழே காலை வணக்கங்கள் சிலவும், கொள்ளுப்பாட்டனார் குதிரைமேல் அமர்ந்திருக்கும் படம் ஒன்றும், அந்தக் குதிரை யாரிடம் வாங்கியது என்பது பற்றிய காரசாரமான விவாதமும் வந்து சேர்ந்தன. குதிரைக்கு முடிவு தெரிந்தது, கூரைக்குத் தெரியவில்லை. தென்காசிப் பக்கம் இதே நிலையில் இருக்கும் ஜமீன் வீடுகள் வேறு சிலவும் உண்டு என்பதால், அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். நம் ஊரின் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். மானம் போய்விட்டது என்று சொல்லிக் கூட்டத்துக்கு வராமலிருக்க ஒருவருக்கும் சாக்குக் கிடைக்கக் கூடாது.

வருகிற ஆண்டுக் கூட்டத்துக்கென்று உங்களிடமிருந்து வந்த விவாதப் பொருள்கள் இரண்டே. தேரோட்டத்தன்று பரிவட்டம் இந்த முறை எந்தக் கிளைக்கு என்பது ஒன்று. கல்யாண அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் ‘ஜமீன்தார்’ என்று யார் யார் போட்டுக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. பின்னதற்கு அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவிலேயே விடை இருக்கிறது: படைத்துறையும் கல்வியும் சார்ந்தவை தவிர வேறு எந்தப் பட்டத்தையும் அரசு வழங்கலாகாது. அச்சகத்தார் வழங்கும் பட்டத்தை அது தடுக்கவில்லை என்று நம் மருமகன் ஒருவர் வாதிடுகிறார். அவர் வழக்கறிஞர் என்பதால் நான் மேலே பேசவில்லை. மன்னர் மானியத்தை 1971இல் பறித்துக்கொண்டார்களே என்று இன்னும் பெருமூச்சு விடுகிறவர்களுக்கும் ஒரு சொல்: நமக்கு அது இருந்ததே இல்லை. 26ஆவது திருத்தம் பறித்தது சமஸ்தான மன்னர்களின் மானியத்தை. இன்றைய தமிழ்நாட்டுக்குள் முழுவதுமாக அமைந்திருந்த சமஸ்தானம் புதுக்கோட்டை ஒன்றுதான். நாம் கும்பினியாருக்குப் பேஷ்குஷ் என்னும் கப்பம் கட்டிய வகை, வாங்கிய வகையன்று.

இனிக் கூரைக்கு வருகிறேன். சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்துப் பூசிய மட்டப்பா அது. தன் போக்கில் ஈரத்தை வாங்கித் தன் போக்கில் விடும். அதில் விரிசல் கண்ட ஆண்டில், செலவு மிச்சம் என்று சித்தப்பா ஒருவர் மேலே சிமெண்டைப் பூசினார். அன்றிலிருந்து உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் பர்மாத் தேக்கு உத்திரங்களின் முனையில் தங்கிவிட்டது, முனை இற்றுவிட்டது. கைப்பிடிச் சுவரில் வேர்விட்ட அரசங்கன்று இப்போது கன்றாக இல்லை. அதை வெட்டக் கூடாது, அது பாட்டனாரே என்று பெரியத்தை சொல்கிறார்கள். பாட்டனார் சுவரை இரண்டாகப் பிளந்துகொண்டிருக்கிறார். உயிரோடு இருந்தபோதும் குடும்பத்தை அப்படித்தான் வைத்திருந்தார் என்பதால் நான் ஆச்சரியப்படவில்லை.

இவ்வளவு பெரிய வீடு இவ்வளவு அநாதையாக நிற்பதற்குக் காரணம் நம் சோம்பல் மட்டும் அன்று. அது ஒருவருக்காகக் கட்டப்பட்ட வீடு. 1802ஆம் ஆண்டின் 25ஆவது ஒழுங்குமுறையின்படி சென்னை மாகாணத்தில் நிரந்தர நிலவரித் திட்டம் வந்து, பாளையக்காரர்கள் சன்னது என்னும் உரிமைப் பத்திரம் பெற்று ஜமீன்தார்கள் ஆனார்கள். பட்டத்துக்கு ஒருவர், மற்றவர்களுக்கு ஜீவனாம்சம். அந்த வழக்கத்தை 1904ஆம் ஆண்டின் பிரிக்கலாகாத ஜமீன்கள் சட்டம் எழுத்தில் கட்டிப்போட்டது. பிறகு 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது; குடிகளின் நிலம் குடிகளிடமே போயிற்று. போனது நியாயம் என்பதே என் எண்ணம், ஏனென்றால் நாம் நடந்து பழகிய அந்தக் கருங்கல் தளத்துக்கு வரி கொடுத்தவர்கள் அவர்கள். நம் பாட்டனார் கையெழுத்து மட்டுமே போட்டார். 1961ஆம் ஆண்டின் உச்சவரம்புச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்றது. 1970இல் அதுவும் 15 ஆயிற்று. ஆக, ஒரு சீமையின் வருமானத்தை நம்பிக் கட்டிய வீட்டை ஒரு தென்னந்தோப்பும் எலுமிச்சைத் தோட்டமும் தாங்குகின்றன. ஒரே வாரிசை எண்ணிக் கட்டிய வீட்டுக்கு, எண்ணி முடிக்க முடியாத அளவு வாரிசுகள் இருக்கிறோம்.

அந்த வாரிசுகளில் நானும் ஒருத்தி என்பதைச் சிலர் இன்னும் செரிக்கவில்லை என்பது தெரியும். இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம் அதுவரை மணமாகாத பெண்களுக்கே கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு தந்தது. அதற்கு முந்தைய ஆண்டு எனக்குத் திருமணம் ஆகிவிட்டிருந்தது. 2005இல் மத்தியச் சட்டம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் எழுதிப் பாகம் பிரித்த சொத்துகளுக்கு அது பொருந்தாது. பெரியப்பாமார்களும் சித்தப்பாமார்களும் மாடிப்படி யாருடைய பாகத்தில் விழுவது என்ற ஒரே கேள்வியில் பல பத்தாண்டுகள் முட்டிக்கொண்டு பத்திரத்தை எழுதாமலே விட்டதால்தான் எனக்கு இன்று பங்கு இருக்கிறது. அந்த மாடிப்படிக்கு ஆண்டுதோறும் நான் எண்ணெய் விளக்கு ஏற்றத் தயார். நம் அண்டைச் சீமைப் பெண்களுக்கு இது இவ்வளவு எளிதாகக் கிடைக்கவில்லை: சிவகங்கை கௌரி வல்லபத் தேவர் 1829இல் மறைந்தார், அவர் மகள் காத்தம நாச்சியாரின் உரிமையை அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது 1863இல். இன்றும் இந்துச் சட்டம் படிக்கும் மாணவர்கள் அவர் வழக்கைப் படிக்காமல் தேர்வு எழுத முடியாது. ஜமீன் குடும்பங்கள் கல்விக்கு ஆற்றிய தொண்டில் பாதி இப்படி நீதிமன்றத்தின் வழியாகச் செய்ததுதான்.

நம் பிள்ளைகள் அடிக்கடி இங்கிலாந்தைக் காட்டுகிறார்கள். அங்கே பிரபுக்களின் மாளிகைகள் பளபளவென்று நிற்கின்றனவே, நமக்கு மட்டும் ஏன் இந்தக் கதி என்கிறார்கள். அங்கே மூத்த மகனுக்கே எல்லாம் என்ற வழக்கம் நீடித்தது என்பது உண்மை. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றைப் பிள்ளைகள் பார்க்கத் தவறுகிறார்கள். டெர்பிஷயரின் சாட்ஸ்வொர்த் மாளிகைக்குரிய பத்தாவது டெவன்ஷயர் கோமகன் 1950இல் இறந்தபோது, சொத்தின் மீது விழுந்த மரண வரி 80 விழுக்காடு. குடும்பத்தார் நிலங்களை விற்றார்கள், ஓவியங்களைக் கொடுத்தார்கள், ஹார்ட்விக் என்னும் பழம்பெரும் மாளிகையையே விட்டுக்கொடுத்தார்கள். அடுத்த கோமகள் டெபோரா 1977இல் பண்ணைக் கடை ஒன்றைத் திறந்து, எஸ்டேட்டில் விளைந்ததை விற்றார். கோழி வளர்ப்பில் அவருக்கு இருந்த பிரியம் ஊரறிந்தது. லாங்லீட் மாளிகைப் பிரபு 1966இல் தோட்டத்தில் சிங்கங்களையே கொண்டுவந்து விட்டுக் கட்டணம் வாங்கினார். நம் தோட்டத்து எலுமிச்சையைப் புளியங்குடிச் சந்தையில் போட்டது போக மிச்சத்தைப் பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விற்கலாம் என்று நான் சொன்னபோது, ‘அரண்மனைப் பெண் கூடையைத் தூக்குவதா?’ என்று கேட்டவர்கள் தயவுசெய்து அந்தக் கோமகளின் கோழிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை குழுவில் வந்த யோசனைகளையும் பார்த்துவிடுவோம். வீட்டைக் கல்யாண மண்டபமாக்கலாம் என்கிறார்கள், பெங்களூர் அரண்மனை மைதானத்தைப் பார்த்துவிட்டு. அது நகரத்தின் நடுவே கிடக்கும் நிலம். அதற்கே 1996இல் கையகப்படுத்தும் சட்டம் வந்து, வழக்கு இன்றளவும் ஓயவில்லை. நம் வீட்டில் உருப்படியாக இயங்கும் கழிப்பறை ஒன்றே. சம்பந்தி வீட்டார் அதற்கு வரிசையில் நின்றால் கல்யாணம் நின்றுவிடும். படப்பிடிப்புக்கு விடலாம் என்பதை ஏற்கெனவே செய்து பார்த்தோம். வில்லன் வீடாக நடிக்க நம் வீட்டைத்தான் கேட்டார்கள், முன்கட்டுக்கு மஞ்சள் வண்ணம் அடித்துவிட்டு அப்படியே போய்விட்டார்கள். விடுதி நடத்துகிறவர்களுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடலாம் என்ற யோசனைக்கு மட்டும் நான் கடுமையாகவே மறுப்புச் சொல்வேன். சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் மலைக்காட்டைப் பம்பாய் பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக்கு எழுதிக்கொடுத்தது. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் அப்படித்தான் பிறந்தது. ஜமீன் போயிற்று, குத்தகை போகவில்லை. அந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த தொழிலாளர்கள் 2024இல் இறங்கச் சொல்லப்பட்டார்கள். கையெழுத்துப் போட்டவர் யாரும் அந்த விளைவைப் பார்க்க இருக்கவில்லை. கொள்ளுப்பேரன்மார் தலையில் விழும் பத்திரத்தில் நாம் கையெழுத்திட வேண்டாம்.

என் யோசனை பெங்களூரில் நாமெல்லாரும் அன்றாடம் கடைப்பிடிப்பதுதான். ஒயிட்ஃபீல்டிலும் ஜெயநகரிலும் ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலும் அடுக்குமாடியில் குடியிருக்கும் உங்களில் ஒருவராவது பராமரிப்புக் கட்டணத்தைத் தவறவிட்டதுண்டா? சதுர அடிக்கு இவ்வளவு என்று சங்கம் சொல்கிறது. தாமதித்தால் அபராதம், அறிவிப்புப் பலகையில் பெயர். ராஜ ரத்தம் ஓடும் நம் அண்ணாச்சிமார் அத்தனை பேரும், பக்கத்து வீட்டு மென்பொருள்காரருக்குப் பயந்து மாதம் பிறந்ததும் கட்டிவிடுகிறார்கள். அரண்மனையையும் ஓர் அடுக்குமாடியாகவே வைத்துக்கொள்வோம். அவரவர் பங்குக்கு ஏற்ப மாதக் கட்டணம். கணக்கு எல்லாரும் பார்க்கும்படி இருக்கும். ஆறு மாதப் பாக்கி வைத்தவருக்குக் கூட்டத்தில் பேச்சுரிமை உண்டு, வாக்குரிமை இல்லை. பரிவட்டமும் இந்தக் கணக்கிலேயே போகட்டும். முந்தைய ஆண்டின் கட்டணத்தை முழுவதும் செலுத்தி, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு வாரமாவது ஊரில் தங்கி மட்டப்பா வேலையை மேற்பார்வை பார்த்த கிளைக்கே அந்தத் தேரில் முதல் மரியாதை. வேலை பார்த்தவர் மகள் வயிற்றுப் பேத்தியாக இருந்தால் தலைப்பாகை அவளுக்குத்தான். கோயிலில் ஆட்சேபம் வந்தால் நான் போய்ப் பேசிக்கொள்கிறேன்.

வந்த பணம் முதலில் வடக்குக் கட்டுக்கு. சிமெண்டைக் கொத்தி எடுத்து, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்துச் செய்ய வேண்டும். அத்தகையவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள். தெற்குக் கட்டைப் பூட்டிவிடலாம். எல்லாவற்றையும் காப்பாற்றுகிறேன் என்று எதையும் காப்பாற்றாமல் விடுவதைவிட அது மேல். தென்னந்தோப்புக் குத்தகையை உறவினருக்கு வாய்மொழியாக விடும் வழக்கம் இந்த ஆண்டோடு முடியட்டும். சந்தை விலைக்கு, எழுத்தில். இவற்றுக்கெல்லாம் முன்னதாக, தலைமுறையாக வாசலில் படுத்து அந்த வீட்டைக் காத்துவரும் காவல்காரர் குடும்பத்துக்கு, தீபாவளி வேட்டியும் ‘பார்த்துக்கொள்கிறோம்’ என்ற வாக்கும் போதாது. மாதச் சம்பளம் வங்கியில் ஏற வேண்டும். இது ஒன்றில் மட்டும் நான் விவாதத்துக்கு இடம் தரப்போவதில்லை. சம்மதம் இல்லாதவர்கள் அவருடைய இடத்தில் ஒரு மார்கழி இரவு படுத்துப் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

மேற்சொன்ன விதிகளைக் கூட்டத்தில் முதல் விவாதப் பொருளாகச் சேர்த்திருக்கிறேன். பரிவட்டம் அதற்குப் பின்புதான் வரும். வர முடியாதவர்கள் சம்மதத்தையோ மறுப்பையோ கையொப்பமிட்டு எழுத்தில் அனுப்புங்கள். குழுவில் இடும் கும்பிடு படங்கள் சம்மதமாகக் கொள்ளப்பட மாட்டா.

இப்படிக்கு,
மாடிப்படியின் புண்ணியத்தில் பங்கு பெற்றவள்