“சேர், இங்க என்ன பார்க்கிறது?”: பிள்ளைகளின் பயணத்துக்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

ஊரவர்களுக்கும் வெளிநாட்டில் இருக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

போன வருடம் எங்கள் வாசிகசாலைக் குழு ஒரு பஸ் பிடித்து, தரம் 8, 9 பிள்ளைகள் 43 பேரை யாழ்ப்பாணத்தின் பழைய இடங்களைக் காட்டக் கூட்டிச் சென்றது. கோட்டையில் எல்லோரும் கொத்தளங்களில் ஏறி ஓடினார்கள். ஆனைக்கோட்டையில் இறக்கியதும் ஒரு சின்னவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “சேர், இங்க என்ன பார்க்கிறது?” என்று கேட்டாள். வீடுகள், வேலி, பனை. எங்களுக்கும் உடனே பதில் வரவில்லை. இந்த வேண்டுகோள் அந்தக் கேள்வியால் வந்தது.

அந்த மண்ணுக்குள்தான் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்து, பெருங்கற்காலப் பண்பாட்டு (தொடக்க இரும்புக்கால) ஈமக்குழிகளைக் கண்டார்கள். எலும்புக்கூடுகள், கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்கள், அவற்றோடு ஒரு சின்ன முத்திரை. முத்திரையில் இரண்டு வரி. மேலே குறியீடுகள், கீழே பிராமி என்ற பழைய எழுத்து. அதைக் ‘கோவேத’ என்று பேராசிரியர் கா. இந்திரபாலா வாசித்தார். காலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டளவு என்பது கணிப்பு. ‘கோ’ என்றால் அரசன் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சொல் தன் ஊருக்குப் பக்கத்தில் இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாகப் புதைந்து கிடந்தது என்பதுதான் தெரியாது.

கந்தரோடையில் கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன, சின்னச் சின்னப் பௌத்தக் கல் தூபிகள். வரலாற்றாசிரியர் போல் ஈ. பீரிஸ் நூறு வருடங்களுக்கு முன்பே அங்கே தோண்டிப் பார்த்தார். நச்சுக் காளான் சாப்பிட்டு இறந்த அறுபது துறவிகளின் சமாதிகள் என்று ஒரு கதை உண்டு. கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம், ஆனால் கதை என்று சொல்லித்தான் சொல்லுவோம். அவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டிய விஷயம் வேறு: இந்தத் தூபிகளும் சரி, கோட்டை மதிலும் சரி, ஒரே முருகைக்கல், கடலில் விளைந்த பவளக்கல். தொடுவது கோட்டை மதிலில் மட்டும்தான், தூபிகளைக் கண்ணால் பார்த்தால் போதும்.

கோட்டையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1619இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்த போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிடித்து ஐங்கோணமாக்கினார்கள். ஐந்து கொத்தளங்களுக்கும் ஹொலண்ட், சீலண்ட், உட்ரெக்ட் என்று தங்கள் மாகாணங்களின் பெயர்களை வைத்தார்கள். உள்ளே 1706இல் எழுந்த தேவாலயம் 1990 சண்டையில் போய்விட்டது. எங்கள் வயதுக்காரருக்குக் கோட்டை என்றாலே செல் சத்தம்தான் நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்கோ அது மாலையில் ஐஸ்கிரீம் சாப்பிடப் போகும் இடம். இரண்டுக்கும் நடுவில் உள்ளதை யார் சொல்வது?

கடைசியாகக் காரைநகர்க் கரையில் நின்று கடற்கோட்டையைக் காட்டுவோம். ஒல்லாந்தர் அதற்கு வைத்த பெயர் ஹம்மன்ஹீல். இலங்கைப் படம் அவர்களுக்குப் பன்றித் தொடை மாதிரித் தெரிந்ததாம், இது அதன் குதிக்கால்! போன முறை இதைக் கேட்டுப் பஸ் முழுக்கச் சிரிப்பு. படகு ஏற்றப் போவதில்லை. செலவும் பயமும் அதிகம்.

இந்த வருடம் ஆறு சனிக்கிழமைகளில், தடவைக்கு 50 பேராக 300 பிள்ளைகளைக் கூட்டிப்போக விரும்புகிறோம். பஸ் ஒன்றுக்கு 32,000 ரூபாய், ஆறுக்கு 192,000. மதியச் சாப்பாட்டுப் பார்சல் 450 ரூபாய்ப்படி 135,000. 500 கைநூல்களுக்கு 110,000 என்று அச்சகத்தில் சொன்னார்கள். மொத்தம் 437,000 ரூபாய். கையில் 96,000 இருக்கிறது, இன்னும் 341,000 வேண்டும். ஒரு பிள்ளைக்கு என்று கணக்குப் பார்த்தால் கைநூலோடு 1,310 ரூபாய். ஆசிரியர்கள் நேரத்துக்குக் காசு வாங்கவில்லை.

கைநூல் ஏன் 500? மிச்சம் 200 பெரியவர்களுக்கு, முக்கியமாகக் கிணறு வெட்டுகிறவர்களுக்கும் அத்திவாரம் தோண்டும் மேசன்மாருக்கும். ஆனைக்கோட்டை, கந்தரோடைப் பக்கம் மண்வெட்டி போட்டால் பழைய மட்பாண்ட ஓட்டுத் துண்டு வரலாம். குப்பை என்று வேலிக்கு வெளியே எறிந்துவிட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது. எந்த ஓடு எப்படி இருக்கும், கண்டால் வேலையை நிறுத்திவிட்டு யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பதைக் கடைசி நான்கு பக்கங்களில் படங்களோடு போடுகிறோம். முத்திரையைக் கோட்டுச் சித்திரமாக முதல் பக்கத்தில் போடுவோம். அப்புறம் ஆனைக்கோட்டையில் இறங்கும் பிள்ளை கையில் அதை வைத்துக்கொண்டே அந்த வளவைப் பார்க்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தக் காசில் அகழ்வோ திருத்தவேலையோ செய்ய மாட்டோம். அது தொல்லியல் திணைக்களத்தின் வேலை. கோட்டையின் ஒரு கல்லைக்கூடப் பெயர்க்க எங்களுக்கு உரிமை இல்லை.

நன்கொடையை வாசிகசாலையில் பொருளாளரிடம் நேரில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் உறவினர் மூலமாகச் செயலாளரிடம் வங்கிக் கணக்கு விவரம் கேட்டுக்கொள்ளலாம். தனிப்பட்ட ஒருவரின் கணக்குக்கு அனுப்ப வேண்டாம், யார் கேட்டாலும். காசு முடியாதவர்கள் ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் கூட வந்தால் பெரிய உதவி. 43 பிள்ளைகளைக் கொத்தளத்தில் இருந்து இறக்குவதற்கு ஆள் போதாமல் போன முறை பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

வரவு செலவு ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
வாசிகசாலைக் குழுவினர்