எண்ணைக் கையில் பிடித்துப் பார்க்க ஒரு மாடி அறை: தாராவிப் பிள்ளைகளுக்காக ஒரு வேண்டுகோள்

தாராவி, சயான், அண்டாப்ஹில், மாட்டுங்கா, செம்பூர் என்று மும்பையில் எங்கிருந்தாலும் நம் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன ஜூன் மாதம் எங்கள் குழுவைச் சேர்ந்த ஒரு அம்மா, வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இருபத்து மூணு எழுதும்மா" என்றார். அந்தக் குழந்தை 32 என்று எழுதினாள். அழித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னார். மறுபடியும் 32.

குழந்தைக்குப் புத்தி குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். தெருவில் அவள் காதில் விழுவது மராத்தி. அதில் 'தேவீஸ்' என்றால் மூன்று முன்னால், இருபது பின்னால். வீட்டில் கேட்பது தமிழ். இங்கே இருபது முன்னால், மூன்று பின்னால். நம் தமிழிலும் சில இடங்களில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். தொண்ணூறு என்று சொன்னால் அதில் நூறு கேட்கிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. எண்ணைக் காதால் மட்டுமே அறிந்த ஏழு வயதுப் பிள்ளை வேறு என்னதான் செய்யும்?

அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். பக்கத்துத் தையல் யூனிட்டில் கழித்துப் போட்ட பட்டன்களைப் பத்துப் பத்தாக நூலில் கோர்த்தார். இரண்டு சரத்தையும் மூன்று புளியங்கொட்டையையும் குழந்தையின் மடியில் வைத்தார். அவள் சரத்தை விரலால் தடவி ஒவ்வொரு பட்டனாக எண்ணினாள். பிறகு "ரெண்டு பத்து, மூணு" என்று சொல்லிவிட்டு, யாரும் சொல்லாமலே 32ஐ அழித்து 23 என்று எழுதினாள்.

இது ஒரு வாசலில் ஒரு பிள்ளைக்கு நடந்தது. தினமும், நிறையப் பிள்ளைகளுக்கு நடக்க ஓர் இடம் வேண்டும். அதற்காகத்தான் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்து பார்த்துக் கற்கும் மையம் ஒன்றைத் தொடங்குகிறோம். 90 அடி ரோடு பக்கம் மாடி அறை ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். மதிய ஷிப்ட் பிள்ளைகள் காலையிலும், காலை ஷிப்ட் பிள்ளைகள் சாயங்காலமும் வரலாம். ஒரு நேரத்துக்கு 24 பேர், கட்டணம் கிடையாது. நகரத்தில் பெரிய இடங்கள் இல்லாமலில்லை. வொர்லியில் நேரு அறிவியல் மையம் இருக்கிறது. அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை கூட்டிப்போகலாம், போகத்தான் வேண்டும். ஆனால் சின்னப் பிள்ளைக்குத் தினமும் கைக்கு எட்டுகிற தூரத்தில் சாமான் இருக்க வேண்டும்.

இந்த வழி நமக்குப் புதிதும் அல்ல. பிள்ளைகள் கையால் தொட்டுக் கற்கும் முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்தார். உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் கொடைக்கானலில் தங்கியிருந்தபோதுதான், ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான பாடமுறையில் பெரும்பகுதியை வளர்த்தெடுத்தார். ஒற்றை மணி, பத்து மணி கோர்த்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என்ற அவருடைய சாமான்களை நாங்கள் முதலில் வாங்கப் போகிறோம். ஆயிரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்த பிள்ளை, தொள்ளாயிரத்தை அதோடு குழப்பாது. தமிழ்நாட்டிலும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது.

மற்ற சாமான்களுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை, தாராவியே ஒரு கிடங்குதானே. கும்பார்வாடாவில் களிமண், தோல் பட்டறையில் வெட்டுத்துண்டு, தையல் யூனிட்டில் காலி நூல்கண்டு. பிள்ளைகளின் அப்பா அம்மா கைபட்ட பொருளே பாடப்பொருளாக வருவதில் எங்களுக்குத் தனி சந்தோஷம்.

இனி பணக் கணக்கு. அறைக்கு டெபாசிட் 1,00,000 ரூபாய் (காலி செய்யும்போது திரும்பி வரும்), ஒரு வருஷ வாடகை 1,20,000, சொல்லிக்கொடுக்கும் இரண்டு பெண்களுக்கு மாதம் 8,000 வீதம் 1,92,000, தாழ்வான அலமாரியும் பாயும் 35,000, மணிகள் முதலிய சாமான்கள் 40,000. மொத்தம் 4,87,000. நாங்கள் எங்களுக்குள் திரட்டியது 1,62,000. மீதி 3,25,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம். சம்பளத்தில் கை வைக்க வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட்டோம். இலவச சேவை என்று ஆரம்பித்து மூன்று மாதத்தில் ஆள் நின்றுபோனதை நாங்களே பார்த்திருக்கிறோம்.

நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. வரவு செலவு ஒவ்வொரு மாதமும் அறை வாசலில் ஒட்டப்படும். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி பதிவு எங்களிடம் இன்னும் இல்லை. அதை எதிர்பார்ப்பவர்கள் மனம் வருந்தக்கூடாது என்பதால் முன்னாலேயே சொல்லிவிடுகிறோம்.

பணம் கொடுக்க முடியாதவர்களிடம் வேறொன்று கேட்கிறோம். மே லீவுக்கு ஊருக்குப் போகும்போது பரணைக் கொஞ்சம் பாருங்கள். 14 குழிப் பல்லாங்குழி, சோழி, பழைய தராசு எது கிடைத்தாலும் கொண்டு வாருங்கள். முக்கியமாக ஆழாக்கு, உழக்கு, உரி, படி. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. அரிசியை அளந்து கொட்டினாலே அரை, கால், அரைக்கால் மூன்றும் பிள்ளைக்கு வந்துவிடும். எங்களிடம் இப்போது இருப்பது ஒரே ஓர் உழக்கு, அதுவும் அடி ஓட்டை.

ஞாயிறுதோறும் காலை 10 முதல் 1 மணி வரை குழுவினர் அந்த அறையில் இருப்போம். படி இரும்பு ஏணி, கொஞ்சம் செங்குத்து. பெரியவர்கள் கீழிருந்தே குரல் கொடுங்கள், ரசீதுப் புத்தகத்தோடு இறங்கி வருகிறோம்.