இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு

ஐயா,

காலை உணவுத் திட்டம் 2022-இல் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டே தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது, நல்ல விஷயம், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்போது மணி அடிக்கும் முன்பே தட்டோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சரி, சாப்பிட்ட பிறகு பாடம் நடத்த யார் இருக்கிறார்கள்?

கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். ஆனால் வகுப்பு ஐந்து. தலைமையாசிரியரும் அந்த இருவரில் ஒருவர்தான். அவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால், மிச்சமிருப்பவர் ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போட்டுக் கொடுத்துவிட்டு, ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல் சொல்லி, நடுவில் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப் பதிவு ஏறுகிறதா என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் ஓட வேண்டியிருக்கிறது (சிக்னல் அங்கேதான் கிடைக்கும்). போதாக்குறைக்குத் தேர்தல் வேலை வேறு. அதற்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டப் பயிற்சி நூல்கள் நன்றாகவே இருக்கின்றன, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டாமா?

வசதியுள்ள வீட்டில் டியூஷன் வைத்து ஈடுகட்டிவிடுவார்கள். செங்கல் சூளைக்குப் போகிற குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தப் பள்ளியை விட்டால் வேறு கதியில்லை. அதிலும் சூளை வேலை முடிந்து ஊர் திரும்பும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும்.

தலைக்கணக்கு பார்க்காமல், எந்தத் தொடக்கப் பள்ளிக்கும் குறைந்தது மூன்று ஆசிரியர் என்று அரசு ஆணை போடட்டும். அப்புறம், பதிவேட்டு வேலைக்கு நான்கைந்து பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் எழுத்தரையாவது நியமிக்கலாம்.

- ஒரு பெற்றோர், விழுப்புரம் மாவட்டம்